ரைட்... போலாம்!

எங்க அப்பாவுக்கு ஜெர்மனியில் பிடிக்காத ஒரே விஷயம்... அங்கே பஸ்ஸில் கண்டக்டர் இல்லை!

சிரிக்காதீங்க. சென்னை டவுன் பஸ்ஸில் முப்பத்து நாலு வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். பாதி சர்வீஸ் 29சி-யில்தான். பெரம்பூர் டு பெசன்ட் நகர். காலேஜ் பசங்க கூரை மேல ஏறி 'பஸ் டே' கொண்டாடின காலத்தை எல்லாம் விசிலும் கையுமாகப் பார்த்த மனுஷன். 2024-ல் ரிட்டயர் ஆனார்.

எங்க வீடு தேனாம்பேட்டை ஆலையம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், ஆட்டோ நுழையவே யோசிக்கிற ஒரு சந்தில் இருக்கிறது. ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் அப்பா தன் தோல் பையை என் முன்னால் வைப்பார். கலெக்‌ஷனை டிப்போவிலேயே கட்டிவிடுவார். மறுநாளைக்கான சில்லறை மட்டும்தான் பையில் இருக்கும். அதை ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்று தனித்தனியாக அடுக்கித் தருவது என் வேலை. எனக்குக் கணக்கு வந்தது அப்படித்தான். கணக்கு வந்ததால் இன்ஜினீயரிங். இன்ஜினீயரிங் முடித்ததும் 2023 அக்டோபரில் ஜெர்மனி, டோர்ட்முண்ட் நகரம், மாஸ்டர்ஸ்.

ஜெர்மனியில் அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாது. "அப்ப ஃப்ரீயா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கே பாஸ் ஃப்ரீ? ஒரு வருஷத்துச் சாப்பாடு, வாடகைக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. நான் போன வருஷம் அது 11,208 யூரோ. நம்ம ஊர்க் கணக்கில் பத்து லட்சம். வங்கிக் கடன், அம்மா பிளவுஸ் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம், அப்பாவின் பி.எஃப். என்று மூன்று பக்கமிருந்தும் திரட்டிய பத்து லட்சம்.

இந்தக் கணக்கை நான் ஏன் சொல்கிறேன் என்றால், 2025 ஜூனில் அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்க்க டோர்ட்முண்ட் வந்தபோது என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது.

ஒரு பேப்பரில் நான் இரண்டு தடவை ஃபெயில்.

'அட, அரியர்தானே!' என்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நம்ம ஊரில் அரியர் என்பது சளி மாதிரி. வரும், போகும். எட்டு வைத்திருந்தவன்கூடக் கடைசி செமஸ்டரில் மொத்தமாக கிளியர் பண்ணிவிட்டு பிரியாணி வாங்கித் தருவான். ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்துக்கு மூன்றே வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டில் வேறு எங்கேயும் போய்த் தொடருவதும் கஷ்டம். படிப்பை நம்பிக் கொடுத்த விசா, படிப்போடு சேர்ந்து போய்விடும்.

எனக்கு மூன்றாவது பரீட்சை ஜூலைக் கடைசியில். அப்பா, அம்மா ஜூன் முதல் வாரம் வந்து மூன்று வாரம் இருக்கிற மாதிரி டிக்கெட். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்று கேட்பார்களே!

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். எக்செல் ஷீட் போட்டேன். காலை ஏழு மணி முதல் ராத்திரி பத்து மணி வரை, தினமும், மணிக்கு மணி. கொலோன், வுப்பர்டால், ஹாம், கோப்லென்ஸ், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ்... பார்த்தால் டிராவல் ஏஜென்சிக்காரர்கள் வேலைக்குக் கூப்பிடுவார்கள். வெளியே பார்க்க அது பாசம். உள்ளே விஷயம் வேறு. சும்மா உட்கார்ந்து, "அப்புறம், படிப்பெல்லாம் எப்படிப்பா போகுது?" என்று கேட்க ஒரு மணி நேரம்கூடக் காலியாக இருக்கக் கூடாது!

*

துபாய் வழியாக டூசல்டார்ஃபில் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சி சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டு வரக் கூடாது என்பதால் நெய் டப்பா மட்டும் தேனாம்பேட்டையிலேயே நின்றுவிட்டது. "நெய் இல்லாம பருப்புப் பொடிய எப்படிடா சாப்பிடுவே?" அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்.

ஏர்போர்ட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு ரயில். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே தொங்கிக்கொண்டு போகும். 2002-லிருந்து ஓடுகிறது. அப்பா ஏறியதும் முன்னால் எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் எங்கடா?"

"இல்லப்பா. எல்லாம் ஆட்டோமேட்டிக்."

"கண்டக்டர்?"

"அவரும் இல்ல."

"அப்ப விசில் யாரு கொடுக்கிறது?"

கதவு தானாக மூடியது. வண்டி தானாகக் கிளம்பியது. அப்பா மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி, பழைய டூட்டி போஸில் நின்றார். காலியாக ஸீட் இருந்தும் உட்காரவில்லை.

மறுநாள் எங்கள் கேம்பஸில் இன்னொரு தொங்கு ரயிலைக் காட்டினேன். 'ஹெச்-பான்' என்று பெயர். 1984-லிருந்து ஓடுகிறது. அதிலும் டிரைவர் கிடையாது. "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எங்க வேலைக்கு வேட்டு வெச்சிருக்கானுங்க" என்றார் அப்பா. அம்மா லைப்ரரியைக் காட்டி, "அங்கதான் உக்காந்து படிப்பியா?" என்றார். "ஆமாம்மா, வா வா, ரயிலுக்கு டைம் ஆச்சு" என்றேன். எக்செல் காப்பாற்றியது!

அப்புறம் டிக்கெட். ஜெர்மனியில் 'டாய்ச்லாந்து டிக்கெட்' என்று ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள். 2025-ல் அது 58 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, சாதாரண ரயில் எதில் வேண்டுமானாலும் ஒரு மாசம் போகலாம். நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. ஸ்டேஷனில் கேட் கிடையாது. டிக்கெட்டைக் கிழிக்க ஆளும் கிடையாது. எப்போதாவது செக்கிங் வரும். மாட்டினால் 60 யூரோ அபராதம். அதாவது, கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்.

"யாரும் கேக்க மாட்டாங்களா? இவனுங்களா எடுத்துப்பானுங்களா?" அப்பாவால் இதை மட்டும் ஜீரணிக்கவே முடியவில்லை. டிக்கெட் போனில் இருக்கிறது என்றதும், மூன்று வாரமும் அந்த போனைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையையும் வைத்துக்கொண்டேதான் வந்தார்.

*

மூன்றாம் நாள் கொலோன். அந்த ஊர் கதீட்ரல் 157 மீட்டர் உயரம். 1248-ல் ஆரம்பித்து 1880-ல்தான் கட்டி முடித்தார்கள். நடுவில் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் வேலை அப்படியே நின்றுபோனது. முடியாத கோபுரத்தின் தலையில் ஒரு மரக் கிரேன் மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுகொண்டிருந்ததாம். கைடு மாதிரி இதையெல்லாம் ஒப்பித்தேன்.

"632 வருஷமா! அப்ப இவனுங்களும் அரியர் வெச்சுத்தான் பாஸ் பண்ணியிருக்கானுங்க" என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். நான் ஜன்னல் கண்ணாடி ஓவியங்களைப் பார்க்க நகர்ந்துவிட்டேன்.

கோபுரத்தில் ஏற 533 படி. "நீ ஏறிட்டு வாடா. நாங்க கீழ உக்காந்திருக்கோம்" என்றார் அப்பா. முப்பத்து நாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற முட்டி அவருடையது. எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. எக்செல்லில் அந்த வரிக்கு நேராக 'டிக்' போட முடியாதே!

"இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன்? உக்கார்றதுக்குத் தேனாம்பேட்டையிலேயே உக்காந்திருக்கலாம்ல?"

அம்மா ஒன்றும் சொல்லாமல் வாசல் பக்கம் ஒரு படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். புளிசாதம். வாசனை நாலு பக்கமும் போனது.

"அம்மா! இங்கெல்லாம் இப்படி உக்காந்து சாப்பிட மாட்டாங்க. மூடு."

அம்மா மூடிவிட்டார். நான் திரும்பிப் பார்த்தால், இரண்டு படி தள்ளி ஒரு ஜெர்மன் குடும்பம் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

533 படியும் தனியாக ஏறினேன். மேலே போய் ரைன் நதியைப் பார்த்தேன். போட்டோகூட எடுக்கத் தோன்றவில்லை. கீழே வந்தபோது அந்த டப்பா மூடியபடியே இருந்தது. ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கவில்லை.

*

அடுத்தது வுப்பர்டால். அப்பாவுக்காகவே போட்ட பிளான். உலகத்தின் பழைய தொங்கு ரயில் அங்கேதான் இருக்கிறது. 1901-லிருந்து பதிமூன்று கிலோமீட்டருக்கு, பெரும்பகுதி வுப்பர் ஆற்றின் மேலேயே ஓடுகிறது. இதில் டிரைவர் உண்டு! அப்பாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. "மெட்ராஸ்லகூட அப்ப டிராம் ஓடிச்சுடா. எங்க தாத்தா போயிருக்காராம். எல்லாத்தையும் பேத்துட்டானுங்க" என்றார். 1895-ல் ஓட ஆரம்பித்த மெட்ராஸ் டிராம் 1953-ல் நின்றுபோனது. இவர்கள் மட்டும் பழசை ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டுகிறார்கள்.

அங்கே ஒரு யானைக் கதையும் உண்டு. 1950-ல் சர்க்கஸ் விளம்பரத்துக்காக 'டுஃபி' என்ற குட்டி யானையை இந்த ரயிலில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பியதும் அது மிரண்டுபோய், பெட்டியின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு நேராக ஆற்றுக்குள் குதித்துவிட்டது. லேசான சிராய்ப்போடு தப்பித்து, அதற்கப்புறம் 1989 வரைக்கும் உயிரோடு இருந்தது.

"யானைக்கு எத்தனை டிக்கெட் போட்டிருப்பான்?" இது அப்பா.

"பாவம். எறங்கணும்னு அதுக்குச் சொல்லத் தெரியல. குதிச்சிடுச்சு." இது அம்மா.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம். எதிர் ஸீட்டில் என் வயசுப் பையன் ஒருத்தன், காதில் ஹெட்போனோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அப்பா என் பக்கம் குனிந்து, "அவன் டிக்கெட் எடுக்கல" என்றார்.

"அப்பா, சும்மா இருங்க."

ஹாகன் தாண்டியதும் செக்கர் வந்தார். அந்தப் பையன் பாக்கெட்டை எல்லாம் தடவினான். டிக்கெட் இல்லை! 60 யூரோ. எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

எங்கள் முறை வந்ததும் அப்பா எழுந்து நின்றார். போனைக் காட்டினார். செக்கர் ஸ்கேன் பண்ணி முடித்ததும், "ஐ... கண்டக்டர். மெட்ராஸ். தர்ட்டி ஃபோர் இயர்ஸ்" என்றார். எனக்கு அப்படியே ஸீட்டுக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. அந்த ஆள் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் "கொலேகே!" என்று சொல்லிக் கையை நீட்டினார். சக ஊழியர் என்று அர்த்தம். பெட்டியில் இருந்த பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். கிண்டல் சிரிப்பு இல்லை.

உட்கார்ந்த பிறகு கேட்டேன். "அவன் டிக்கெட் எடுக்கலன்னு எப்படிப்பா தெரிஞ்சது?"

"டிக்கெட் எடுத்தவன் கண்டக்டர் மூஞ்சியப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஹாம். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள்தான். அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்கு வெளியே போனால், தொழிற்பேட்டைக்கு நடுவில், லாரிகள் நிற்கிற இடத்தில் திடீரென்று ஒரு ராஜகோபுரம்! ஹாம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். கோபுரம் 17 மீட்டர் உயரம். இலங்கையிலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்த ஒரு குருக்கள் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சின்னதாக ஆரம்பித்த கோயில் இது. 2002-ல் இந்தப் பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. வருஷா வருஷம் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது.

கோபுரத்தைப் பார்த்ததும் அம்மா முகத்தில் ஆலையம்மன் கோயில் களை. அர்ச்சனைக்கு என் பெயர், நட்சத்திரம் சொன்னார். "படிப்பு நல்லபடியா முடியணும்" என்று தனியாக ஒரு வேண்டுதல் வேறு. நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிராகாரத்தில் ஓர் அம்மா வந்து பேச்சுக் கொடுத்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். யாழ்ப்பாணத் தமிழ்.

"எங்கை இருந்து வாறியள்? இந்தியாவோ? தம்பி இங்கை படிக்கிறாரோ?"

அம்மா பெருமையாகத் தலையாட்டினார். அந்த அம்மா 1986-ல் வந்தவராம். புகலிடம் கேட்டு வந்த ஆரம்ப வருஷங்களில் அவர்களுக்கு ஒதுக்கிய எல்லையை அனுமதி இல்லாமல் தாண்டவே கூடாது. பக்கத்து ஊரில் இருக்கிற தம்பியைப் பார்க்கவும் கடுதாசி வாங்க வேண்டும். 58 யூரோவில் நாங்கள் நாடு முழுக்கச் சுற்றுவதைச் சொன்னபோது சிரித்தார்.

"எங்கட அம்மா, அப்பாவை நான் ஒருக்காலும் இங்கை கூட்டிக்கொண்டு வரேலாமப் போச்சுது. செத்த வீட்டுக்கும் போகேல்லை. நான் என்ன வேலை செய்யிறன், எப்பிடி இருக்கிறன் எண்டு அவைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கடிதத்திலை எல்லாம் நல்லாத்தான் இருக்கிறன் எண்டுதான் எழுதினனான்." அப்புறம் என் தோளில் தட்டி, "நீர் குடுத்து வைச்சனீர், தம்பி" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினோம். எங்கள் கண் முன்னாலேயே பஸ் கிளம்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமை. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

என் எக்செல்லில் இந்த ஒரு மணி நேரம் இல்லை!

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆள் அரவமே இல்லாத ரோடு. அம்மா பிரசாதத்தைப் பிரித்தார். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனை பேப்பர்டா?"

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

"வந்ததுல இருந்து பாக்கறேன். பேச்சு படிப்பு பக்கம் வந்தா நீயும் ஜன்னலத்தான் பாக்கறே."

"ஒண்ணுதான்ப்பா. ரெண்டு தடவை போயிடுச்சு. அடுத்த மாசம் மூணாவது. அதுவும் போச்சுன்னா அனுப்பிடுவாங்க."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை. கோபம்தான் வந்தது. "தினம் போன்ல கேட்டேனேடா. நல்லா போகுதும்மான்னு சொன்னியே. ஃபெயிலாவுறது பெரிய விஷயமில்ல. ஒரு வருஷமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கியே..." பிரசாதத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். பத்து லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பாதான் ஆரம்பித்தார்.

"நீ நாலாவது படிக்கும்போது நான் சஸ்பெண்ட் ஆனேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"செக்கிங்ல ரெண்டு பேர் டிக்கெட் இல்லாம இருந்தாங்க. கூட்டத்துல நான் கவனிக்கல. தப்பு என் மேலதான். ரெண்டு வாரம் டூட்டி இல்ல. வீட்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு. தினம் காக்கிச் சட்டை போட்டுக்கினு, பையை மாட்டிக்கினு கிளம்புவேன். நேரா பனகல் பார்க் போய் உக்காந்துப்பேன். சாயங்காலம் வரைக்கும். சஸ்பெண்ட் ஆனதுகூடக் கஷ்டமா தெரியலடா. இல்லாத டூட்டிக்குப் போற மாதிரி நடிச்சேன் பாரு... அதான் பேஜாரா போச்சு."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

அப்பா திரும்பினார்.

"பையில சில்லறைச் சத்தம் இல்லையே. புள்ள அடுக்கி வெச்ச காசு அப்படியே அலமாரியில இருந்துச்சு. நாலாம் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பதினாறு வருஷம்! ஜெர்மனியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் வைத்து இது வெளியே வருகிறது. அப்பா தலையைச் சொறிந்தார். அவருடைய முழியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்தார். முறைத்துவிட்டு, பிரசாதத்தை மறுபடி வெளியே எடுத்தார்.

"மூணாவது தடவையும் போச்சுன்னா என்னப்பா பண்றது?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக ராத்திரி ராத்திரி எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வெளியே கேட்டபோது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

"29சி போச்சுன்னா அடுத்த 29சி வரும்னு சொல்லுவேன். இங்க வராதுன்ற. அப்ப வேற ரூட்ல ஊருக்கு வந்து சேரு. கடனை நான் பாத்துக்கறேன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் சேந்து கட்டுவோம். ஆனா டிக்கெட் எடுத்துட்டு வா. ஜன்னலப் பாத்துக்கினு வராத. புரியுதா?"

பஸ் வந்தது. அப்பாதான் முதலில் ஏறினார்.

*

மீதி எக்செல்லை அன்று ராத்திரியே அழித்தேன். பாரிஸுக்குப் போட்டிருந்த பஸ் டிக்கெட் பணம் திரும்பி வரவில்லை. தேனாம்பேட்டையில் ஈஃபிள் டவர் போட்டோவுக்காகக் காத்திருந்த சொந்தக்காரர்களுக்கு ஹாம் கோயில் கோபுரம்தான் போனது. "ஜெர்மனி போயும் கோயிலுக்குத்தான் போனியா?" என்று கேட்டார்களாம்.

அடுத்த பன்னிரண்டு நாள் நான் லைப்ரரியில். அம்மா அறையில் சமையல். மத்தியானம் ஹெச்-பானில் ஏறி அவரே தனியாக டப்பா கொண்டு வந்து தருவார். லைப்ரரி வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து ரெண்டு பேரும் புளிசாதம் சாப்பிடுவோம். வாசனைக்கு ஒரு கொரியாக்காரனும் பிரேசில்காரியும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்பா? காலையில் போனைச் சட்டைப் பையில் வைத்துக் கிளம்பிவிடுவார். யூ42 டிராமில் இந்தக் கோடி. யூ47-ல் அந்தக் கோடி. ராத்திரி வந்து, "அந்த ரூட்ல கூட்டமே இல்லடா, நஷ்டத்துலதான் ஓட்டுறானுங்க" என்று ரிப்போர்ட் கொடுப்பார். ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் டோர்ட்முண்ட் முழுக்கச் சுற்றினார். ரெண்டு வருஷமாக அங்கே இருக்கிற நான் போகாத இடமெல்லாம் போய்விட்டு வந்தார்.

கிளம்புகிற அன்றைக்கு ஏர்போர்ட் தொங்கு ரயிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே போன்ல 'நல்லா போகுது'ன்னு சொல்லாத. என்ன நடந்துச்சோ அதச் சொல்லு. எனக்குப் புரியலன்னாலும் பரவால்ல."

அன்றிலிருந்து அப்படித்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, "பயமா இருக்கும்மா" என்றேன். "எனக்கும்தான்" என்றார் அம்மா. அவ்வளவுதான் பேசினோம். நன்றாகத் தூக்கம் வந்தது.

நண்பர்களே, நீங்களும் ஒருநாள் வெளிநாடு போவீர்கள். அல்லது கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்காவது போவீர்கள். அப்பா, அம்மா பார்க்க வருவார்கள். ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எக்செல்லில் ஒரு மணி நேரம் மட்டும் காலியாக விட்டு வையுங்கள். அந்த ஊரில் அவர்கள் பார்க்க வந்த முக்கியமான ஐட்டம் நீங்கள்தான்!

ரிசல்ட்டா? ஆகஸ்ட்டில் வந்தது. ஜெர்மனியில் 1.0 என்றால் டாப். 4.0 தான் பாஸ் மார்க். அதற்குக் கீழே போனால் காலி. நான் வாங்கியது சரியாக 4.0!

உடனே தேனாம்பேட்டைக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "பாஸ்ப்பா. ஆனா கடைசி மார்க். ஒரு புள்ளி குறைஞ்சிருந்தாலும் வெளிய தள்ளியிருப்பாங்க. ஃபுட்போர்டுல தொங்கிட்டு வந்த மாதிரிதான்."

ஃபுட்போர்டு அடிக்கிற பசங்களை முப்பத்து நாலு வருஷம் 'உள்ள போ, உள்ள போ' என்று திட்டித் தீர்த்த மனுஷன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வாயில் விரலை வைத்து ஒரு விசில்.

"ஏறிட்டே இல்ல? ரைட்... போலாம்!"